ரோச் கொண்டுபோன கடல் சத்தம்

தூத்துக்குடிக் கடலின் சத்தத்தை ரோச் பிடித்து மெட்ராஸ்காரனிடம் கொடுத்துவிட்டானாம்.

இந்தச் சேதி ரோச்சின் காதுக்கே வந்து சேர்ந்தபோது அவன் முகம் முழுக்கச் சோப்பு நுரை. கழுத்தில் கத்தி. சொன்னவர் சலூன்காரர் செல்லப்பாண்டி. அவரும் நேரில் பார்த்தவர் அல்ல. ஐஸ் லாரி ஓட்டுகிறவன் அவரிடம் சொன்னான். அவனுக்குத் திரேஸ்புரத்தில் கிழிந்த வலை பொத்துகிற ஒரு பெரியவர் சொன்னாராம். அந்தப் பெரியவருக்கு யார் சொன்னது என்று கேட்க ஐஸ் லாரிக்கு நேரமில்லை, ஐஸ் உருகிவிடும்.

"நடுக்கடல்ல கயித்துல மைக்கக் கட்டி உள்ள எறக்கி, இருந்த சத்தத்த அம்புட்டையும் உறிஞ்சி எடுத்திட்டீராம்லா. அதுக்குப் பொறவுதான் மீன் படலன்னு சொல்லுதாங்க. உள்ளதா வே?"

கத்தி தொண்டையில் இருந்ததால் இல்லை என்று ரோச்சால் தலையாட்ட முடியவில்லை. தலை ஆடாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் செல்லப்பாண்டி. மத்தியானத்துக்குள் அது மார்க்கெட் முழுக்கப் பரவி, 'ரோச்சே ஒத்துக்கிட்டான்' என்று வளர்ந்திருந்தது.

ரோச் தொழிலுக்கு ஒரு மைக்செட்காரன். ஒரு ஆம்ப்ளிபயர், சில கூம்பு ஸ்பீக்கர்கள், இவற்றை ஏற்றிப்போக ஒரு தள்ளுவண்டி. கல்யாணம், சடங்கு, கோயில் அசன விருந்து, கொடியேற்றம் எல்லாவற்றுக்கும் அவன் கூம்புதான். காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்த்துக் கூம்பைத் திருப்பி வைப்பான். அவன் மைக் ஊளையிட்டதாகச் சரித்திரம் இல்லை. ஒருமுறை ஒரு பாதிரியாரின் பிரசங்கத்தில் மைக் இல்லாமலே ஊளைச் சத்தம் கேட்டது. அது வெளியே நின்ற நாய் என்று தெரிந்த பிறகுதான் ரோச்சுக்கு மூச்சு வந்தது.

அதற்கு முன்னால், கல்யாணமாகாத காலத்தில், ஊரில் ஒரு தியேட்டரில் திரைக்குப் பின்னால் வேலை பார்த்தான். திரைக்குப் பின்னால்தான் ஸ்பீக்கர் இருக்கும். வயர் பிய்ந்தால் ஒட்டவும், எலி வந்தால் விரட்டவும் ஓர் ஆள் வேண்டுமே. அதனால் அவன் பார்த்த படங்கள் எல்லாம் பின்பக்கத்திலிருந்து பார்த்தவை. அவன் உலகத்தில் கதாநாயகர்கள் எல்லாரும் இடக்கையால் சோறு உண்டார்கள், இடக்கையால் தாலி கட்டினார்கள். படத்துக்கு முன்னால் வரும் பெயர்கள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கும். அவற்றை வாசிக்கிற சிரமத்தை விட்டுவிட்டு ரோச் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

அப்படிக் கேட்டுக் கேட்டு வந்த வினைதான் எல்லாம். படத்தில் ஓடுகிற குதிரையின் குளம்புச் சத்தம் குதிரையுடையது அல்ல, யாரோ ஓர் அறைக்குள் உட்கார்ந்து சிரட்டையைத் தட்டுகிறான் என்று ஒரு புரொஜக்டர்காரர் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். ரோச்சுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியானால் மழை? கத்திச் சண்டை? முத்தம்? கல்யாணமான பிறகு ஆராய்ச்சி குசினிக்குள் நுழைந்தது. அப்பளம் நொறுங்குவது தீப்பிடித்த கூரை. கடுகு தாளிப்பது தகரத்தில் விழும் தூறல். மனைவி கித்தேரி அகப்பையைத் தேடினால் அது வாசலில் மைக்குக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.

"ஊர்ல புருஷன்மாரு சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லுவாங்க, இவரு நல்லா கேக்குதுன்னு சொல்லுதாரு" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

மெட்ராஸில் போய் அந்தச் சிரட்டை தட்டுகிற அறைக்குள் ஒருநாளாவது உட்கார வேண்டும். ரோச்சுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

போன வருடம் ஒரு சினிமாக் கம்பெனி ஊருக்கு வந்தது. முத்துக் குளிக்கிற ஒருவனைப் பற்றிய கதை. துறைமுகத்துப் பக்கம் நாலைந்து இடத்தில் படம் பிடித்துவிட்டு நடிகர்கள் ரயிலேறினார்கள். ஒலிப்பதிவுக்காரர் கோதண்டம் மட்டும் தங்கிவிட்டார். அவருக்குக் கடல் வேண்டும். டைரக்டர் கேட்டது கொந்தளிக்கிற கடல், தியேட்டர் நாற்காலி அதிர வேண்டும். உள்ளூர் உதவிக்கு அவர் பிடித்த ஆள் ரோச்.

தூத்துக்குடிக் கடல் எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. அலை அங்கேயே அலுத்துப்போய், கரைக்கு வரும்போது குளத்துத் தண்ணீர்போல் ஒரு நக்கு நக்கிவிட்டுப் போகும். கோதண்டம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை நீட்டினால், கடலைத் தவிர மற்றதெல்லாம் கேட்டது.

திருச்செந்தூருக்குப் போனார்கள். அங்கே அருமையான அலை. ஆனால் ஒவ்வோர் அலைக்கும் மேலே கூம்பு ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. "கொஞ்சம் குறைக்கச் சொல்லக் கூடாதா?" என்று கோதண்டம் கேட்டபோது ரோச் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தொழிலில் குறைக்கிறது என்கிற பேச்சே கிடையாது. அடுத்துப் போன மணப்பாட்டுக் கரையில் பாட்டு இல்லை, காற்று இருந்தது. டேப்பைப் போட்டுக் கேட்டால் யாரோ பாய்மரத் துணியைக் கிழிக்கிறதுபோல் வந்தது.

சோர்ந்துபோய்த் திரும்பி வருகிற வழியில் உப்பளத்துக் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள். கோதண்டம் ஹெட்போனைக் கழற்றக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ரோச், இந்தப் பக்கம் கடல் இருக்கா?"

"இல்ல சார். அது இசக்கித்தாய்."

கொட்டகைக்குப் பின்னால் இசக்கித்தாய் ஓலைப்பெட்டியிலிருந்து உப்பை அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். அம்பாரத்தின் ஓரத்தில் ஒரு தகரம் சாய்ந்து கிடந்தது. உப்பு அதில் விழுந்து, சரிந்து, கடைசியில் சளசளத்து அடங்கியது. அலை எழும்பி, உடைந்து, பின்வாங்குவது அப்படியே வந்தது.

மறுநாள் முழுக்க அதே வேலை. உயரத்திலிருந்து கொட்டினால் அலை எழும்பியது. பெட்டியைச் சிலுப்பிச் சிலுப்பி விட்டால் நுரை. நனைந்த சாக்கைத் தகரத்தில் இழுத்தால் தண்ணீர் கடலுக்குத் திரும்பியது. பிடித்ததை டேப்பில் வேகத்தைப் பாதியாக்கி ஓட்டிக் காட்டினார் கோதண்டம். உப்பு மலையாக வந்து இடிந்தது. ரோச் தன்னை அறியாமல் காலைத் தூக்கித் திண்டின்மேல் வைத்துக்கொண்டான்.

போகும்போது கோதண்டம் அவன் தோளில் கை போட்டார். "உப்புன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது ரோச். நிஜக் கடல்னுதான் டைரக்டர்கிட்ட சொல்லப்போறேன். வெளியே தெரிஞ்சா என் வேலை போயிடும். படம் வரட்டும், அடுத்த படத்துக்கு நீதான் எனக்கு எஃபெக்ட்ஸ்."

ரோச் மாதா மேல் சத்தியம் செய்தான். இசக்கித்தாயிடமும் யாரிடமும் சொல்லாதே என்று சொன்னான். "என்னத்தச் சொல்லாண்டாம் அண்ணாச்சி? உப்புக் கொட்டுனதையா?" என்று கேட்டாள் அவள்.

படம் வந்தது. முதல் காட்சிக்கு ரோச் டிக்கெட் எடுக்கவில்லை. பழைய பழக்கத்தில் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். டைட்டிலைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருந்தார்கள். ஈர மணலில் பெயர் எழுதியிருக்கும். அலை வந்து அழிக்கும். அடுத்த பெயர் தெரியும். எல்லாம் பின்பக்கத்திலிருந்து. 'கடல் ஒலி: ரோச், தூத்துக்குடி' என்பது தன்னைத்தான் சொல்கிறது என்று அவன் கண்டுபிடித்த நேரத்தில் அலை வந்து அதையும் கொண்டுபோய்விட்டது. ஆனால் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அவனுடைய கடல் முழங்கியது. விலா எலும்பெல்லாம் நடுங்கியது. இருட்டில் தனியாக நின்று சிரித்தான்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த திரேஸ்புரத்துக்காரர்கள் பெயரை நேராகவே வாசித்தார்கள். அதோடு டைரக்டர் ஒரு பத்திரிகையில் பேட்டி வேறு கொடுத்திருந்தார். புயலில் வள்ளத்தில் போய் மைக்கைக் கடலுக்குள் இறக்கி, மன்னார் வளைகுடாவின் உண்மைக் குரலை ஒரு வீரர் பிடித்து வந்தாராம். கோதண்டம் அளந்துவிட்டதை அவர் இன்னும் இரண்டு பங்கு ஊதியிருந்தார்.

வினை இங்கேதான் பிடித்தது. கத்தாளை மீனுக்குப் போகிறவர்கள் வலையை விடுவதற்கு முன்னால் காதை விடுவார்கள். துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் கைப்பிடியில் காதை ஒட்டிவைத்துக் கேட்பார்கள். கத்தாளைக் கூட்டம் கீழே நின்றால் துடுப்பு வழியாகத் தவளைபோல் ஒரு முனகல் ஏறிவரும். கேட்ட இடத்தில் வலை. இந்த வருடம் மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று முன்னதாகவே கிளம்பிவிட்டது. எங்கே துடுப்பைப் போட்டாலும் ஒன்றும் கேட்கவில்லை. கடல் ஊமையாகிவிட்டது என்றார்கள். கடல் எப்படி ஊமையாகும் என்று யோசித்தவர்களுக்குப் பத்திரிகையும் டைட்டிலும் பதில் சொல்லிவிட்டன.

இந்தக் கட்சிக்குத் தலைவர் கஸ்பார். சொந்த வள்ளம் உள்ளவர், திருவிழாக் கமிட்டியில் பெரிய கை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கித்தேரியின் அண்ணன். அவர் ரோச் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், சொல்ல வேண்டியதைச் சொன்னார். அந்த டேப்பை வாங்கிக்கொண்டு வந்து கடலில் கரைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதா திருவிழாவுக்குத் திருநெல்வேலியிலிருந்து வேறு மைக்செட் வரும், அவரும் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்.

"டேப்பு கரையாது மச்சான்" என்றான் ரோச். அவனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

கித்தேரி பிடித்துக்கொண்டாள். சத்தத்தைப் பிடிக்கவே இல்லை என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பிடித்தது என்றால் எதற்காகப் பிடித்தீர்கள் என்றாள். ரோச் சத்தியத்தை மென்று விழுங்கினான். அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் குசினி அமைதியாகிவிட்டது. அவள் தாளிக்கிறபோது கடுகுகூட அடக்கமாக வெடித்தது.

இந்த நேரம் பார்த்து ஜக்கரிய்யா ஆள் அனுப்பினார். காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊர் வழக்கப்படி ரோச்சுக்கு அவர் 'காக்கா', அதாவது அண்ணன்; ரேடியோவும் கடிகாரமும் விற்கிற கடை; ரோச்சுக்குத் தெரிந்த டெலிபோன் அவருடையது ஒன்றுதான். மெட்ராஸிலிருந்து கோதண்டம் டிரங்க் கால் போட்டாராம். புதுப் படம் ஆரம்பிக்கிறதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி கூப்பிடுவாராம், ரோச் கடையில் இருக்க வேண்டுமாம்.

"ஒம்ம காலம் பொறந்திட்டு" என்றார் ஜக்கரிய்யா. "வெள்ளிக்கிழம வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இரும்."

ரோச்சும் அதைத்தான் நினைத்தான். வெள்ளிக்கிழமைவரை ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அப்புறம் ரயில், மெட்ராஸ், சிரட்டை அறை. அவன் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருப்பான், கஸ்பார் அவனைக் கடலுக்குக் கூட்டிப் போகாமல் இருந்திருந்தால்.

புதன்கிழமை காலையில் வந்து, ஏறுலே என்றார். அவ்வளவுதான் பேச்சு. தீவைத் தாண்டி ஓரிடத்தில் வள்ளத்தை நிறுத்தி, துடுப்பை இறக்கி, முதலில் தன் காதை வைத்தார். கண்ணை மூடினார். ரோச் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், திரைக்குப் பின்னால் தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். நெற்றி சுருங்குகிறது, வாய் லேசாகத் திறக்கிறது, இதோ வரப்போகிறது என்று காத்திருக்கிறது. வரவில்லை. கஸ்பார் இன்னொரு தடவை காதை அழுத்தி வைத்தார். அப்புறம் துடுப்பை ரோச்சிடம் கொடுத்தார்.

"கேளு."

மரத்தில் தண்ணீர் உரசுகிற சத்தம் வந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"எங்க அப்பன் காலத்துல இருந்து கேட்ட சத்தம்லே" என்றார் கஸ்பார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கரைக்கு வருகிற வழியெல்லாம் ரோச் துடுப்பை மடியிலேயே வைத்திருந்தான். திருவிழா போனால் போகிறது என்று அவன் மனசைத் தேற்றி வைத்திருந்தான். ஆனால் ஒரு மனுஷன் இல்லாத களவை நம்பிக்கொண்டு, வராத சத்தத்துக்குக் காதை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு, உப்பை இனியும் மறைத்து வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. சத்தியத்தைப் பற்றி மாதாவிடம் பேசிக்கொள்ளலாம், அவளும் கடற்கரைக்காரிதான்.

மறுநாள் சாயங்காலம் திரேஸ்புரம் கரையில் தள்ளுவண்டி வந்து நின்றது. ரோச் கூம்புகளை ஊரைப் பார்த்துத் திருப்பிக் கட்டினான். டேப்பின் வேகத்தைப் பாதியாக்க அவனிடம் மிஷின் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு காலி டிரம்மைப் படுக்கவைத்து, அதன் வாயில் மைக்கை வைத்தான். மேலே ஒரு தகரம், அதற்கும் மேலே ஸ்டூலில் ஓலைப்பெட்டியோடு இசக்கித்தாய். கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில், சைக்கிளில் ஒரு காலை ஊன்றி, வீரபாகு நின்றான். படக் கம்பெனியின் உள்ளூர் ஆள் அவன், தியேட்டரில் கூட்டம் எப்படி என்று தினமும் மெட்ராஸுக்குப் போன் போடுகிறவன். ரோச் அவனைப் பார்த்தான். அவனும் ரோச்சைப் பார்த்துச் சிரித்தான். இனிக் கூம்பை அவிழ்க்கவா முடியும்?

"கொட்டு தாயி" என்றான் ரோச்.

இசக்கித்தாய் கொட்டினாள்.

திரேஸ்புரத்துக்கு அப்படியொரு கடல் அதற்கு முன் வந்ததில்லை. எல்லாக் கூம்பிலும் ஒரே நேரத்தில் மலைபோல் எழும்பி ஊரின்மேல் உடைந்தது. வலைமேல் படுத்திருந்த நாய்கள் மேட்டுக்கு ஓடின. கருவாடு காயப்போட்டிருந்த ஒருத்தி பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். குடிசைக்குள்ளிருந்து ஒருவர் இடுப்பில் பாதி கட்டிய சாரத்தோடு வந்து கடலைப் பார்த்தார். கடல் எப்போதும்போல் கரையை நக்கிக்கொண்டு கிடந்தது. இசக்கித்தாய் அடுத்த பெட்டியை எடுத்தாள். அவளுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. இந்தத் தடவை நுரையும் போட்டாள்.

முதலில் சிரித்தது கித்தேரி. இத்தனை நாள் குசினியில் காணாமல்போன சாமான்களுக்கெல்லாம் இன்றைக்குத்தான் கணக்குத் தெரிந்ததுபோல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூட்டமும் சேர்ந்துகொண்டது. கஸ்பார் மட்டும் சிரிக்காமல் நடந்துவந்து, தகரத்தில் கிடந்ததை விரலால் எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்புதாம்லே."

"உப்புதான் மச்சான். படத்துல வந்ததும் இதுதான். ஒங்க கடல்ல நான் கைவைக்கல."

கஸ்பார் தலையை ஆட்டினார். திருவிழாவுக்கு நீயே கூம்பைக் கட்டு என்றார். ரோச்சுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஆனால் அவர் போகவில்லை. மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பம் எங்க சத்தம் எங்கலே போச்சு?"

இசக்கித்தாய் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். வீரபாகுவின் சைக்கிள் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நெசமாவே அத உள்ள எறக்குனா கேக்குமா?" என்றார் கஸ்பார். "துடுப்பு போவாத ஆழத்துல?"

அதுவரைக்கும் ரோச்சுக்கு அது தோன்றவே இல்லை. ஊர் முழுக்க அவன் செய்ததாகச் சொன்ன ஒரு காரியத்தை அவன் இன்னும் செய்து பார்க்கவில்லை. தண்ணீர் உள்ளே போகாமல் மைக்கைப் பொதிய வேண்டும். நீள வயர் வேண்டும். ஒரு ஹெட்போன் வேண்டும், அதைக் கஸ்பார் தலையில் மாட்ட வேண்டும். யோசிக்க யோசிக்க அவனுக்குக் கை பரபரத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜக்கரிய்யா கடை மேஜையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். ஹெட்போனை ஜக்கரிய்யா கொடுத்துவிட்டார், நனைந்தால் தலையை எடுத்துவிடுவேன் என்கிற நிபந்தனையோடு. மைக்கைப் பழைய சைக்கிள் டியூபுக்குள் நுழைத்து, மிச்ச ரப்பரை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு சுற்று தளர்ந்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும். வாசலில் கஸ்பார் நின்றார்.

"வள்ளத்தத் தள்ளியாச்சு. காத்து மாறுததுக்குள்ள வாலே."

"இன்னா வந்துட்டேன் மச்சான்."

அப்போது டெலிபோன் அடித்தது. சாதாரண அடி அல்ல; விட்டு விட்டு வராமல் இழுத்து இழுத்து அடிக்கிற டிரங்க் கால்.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ரயிலேறி வா என்று சொல்லவும் கோதண்டம் இதே மணியைத்தான் அடிப்பார். என் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று சொல்லவும் இதே மணிதான். எது என்று மணியை வைத்துச் சொல்ல முடியுமா என்று ரோச் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துப் பார்த்தான்.

ஜக்கரிய்யா ரிசீவர்மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை.

"ஒமக்குத்தான். எடும்."

"கை ரெண்டும் மாட்டிக்கிட்டு காக்கா" என்றான் ரோச். உள்ளபடியே மாட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கையில் மைக், மறு கையில் இழுத்துப் பிடித்த ரப்பர். இன்னும் ஒரு சுற்று, அப்புறம் முடிச்சு. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கஸ்பார் படியில் காலை மாற்றி வைத்தார். டெலிபோன் மேஜையை அதிரவைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தது.